ரிவால்வர் வாங்கும் படலம்

நாற்பத்தாறு வயதில் ஒரு குடும்பஸ்தனுக்குப் புதிதாக ஓர் ஆசை முளைத்தால், வீட்டில் யாரும் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதில்லை. வீணை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். மாடியில் தோட்டம் போடப் போகிறேன் என்றால், "இரண்டு மாசத்தில் தானாகத் தெளிந்துவிடும்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு வந்த ஆசை இந்த இரண்டு வகையிலும் சேராதது. ஒரு ரிவால்வர் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

என் கதைகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் கலவரப்பட வேண்டியதில்லை. அவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். நான் சுட நினைத்தது காகிதத்தில் அச்சடித்த வட்டங்களைத்தான். அதுவும் பாயின்ட் 22 என்கிற, துப்பாக்கி ஜாதியிலேயே மிகச் சாதுவான தோட்டாவைக் கொண்டு.

இந்த வியாதி எப்படித் தொற்றியது என்று சொல்லிவிடுகிறேன். சேலையூர் காம்ப் ரோடை ஒட்டிய எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒன்று பட்டாளத்து வீடு. கிழக்குத் தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது; ரயிலேறி வடக்கே போனால் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்யும் கழகம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களில் பலர் இந்தக் காற்றை விட மனமில்லாமல் இங்கேயே மனை வாங்கி, வேப்பமரம் வைத்து, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தெருவையே நடந்து அளக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சுபேதார் ஐயா. வயது எழுபதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் பையன்களுக்கும் பெண்களுக்கும் குறி பார்க்கக் கற்றுக் கொடுக்கிறார். என் தொடர்கதை ஒன்றில் ஒரு பட்டாளத்துக்காரர் வருகிறார்; அவரைப் பற்றி இவரிடம் சந்தேகம் கேட்கப் போனேன்.

"வாயால சொன்னா விளங்காது தம்பி. வந்து பாருங்க" என்றார்.

போனேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று கடைகளும் அடுக்குமாடிகளும் முடியாமல் வந்துகொண்டே இருந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சட்டென்று வானம் திறந்துகொள்கிறது. துப்பாக்கி என்றால் வேட்டை என்று இருந்த காலத்தில் இப்படிப்பட்ட இடங்களில்தான் உள்ளான் குருவிக்காகத் துரைமார்கள் முழங்கால் சேற்றில் நின்றிருப்பார்கள். 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பள்ளிக்கரணை 2022-லிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கிறது. பறவைகள் சர்வதேசப் பாதுகாப்போடு நின்று மீன் தின்கின்றன. துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு மிச்சமிருப்பது காகித வட்டம்தான்.

அந்த வட்டத்துக்கு இப்போது நல்ல மரியாதை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் வேகப் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் நம் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். எங்கள் சுபேதார் ஐயா அந்தப் பெயரைச் சொல்லும்போது தாமே மேடையில் நின்ற மாதிரி மார்பை நிமிர்த்துவார். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, பெண்ணுக்குப் பரத நாட்டியம் வேண்டாம், பிஸ்டல் போதும் என்று சொல்கிற தகப்பனார்களை நானே பார்த்திருக்கிறேன். அதே வருஷம் ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் நம் ஊரில் நடந்தபோது, துப்பாக்கிப் போட்டிக்கு வேளச்சேரி குருநானக் கல்லூரியில்தான் கூட்டம். இனிமேல் இது ராஜாக்கள் விளையாட்டு என்று யாரும் சொல்ல முடியாது.

சங்கத்தில் சந்தா கட்டி அங்கத்தினனான பிறகுதான் என் கையில் ஆயுதம் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாசம் ஏர் பிஸ்டல். அப்புறம் ஒரு நாள் சுபேதார் ஐயா இரும்புப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். பழைய அமெரிக்க ரிவால்வர். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் கே-22. ஆறு அங்குலக் குழல்; எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நீல நிறம் விளிம்புகளில் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. வால்நட் கட்டைப் பிடி, எத்தனையோ கைகளின் வியர்வையைக் குடித்துக் கறுத்திருந்தது.

"பந்தயத்துக்கு இது ஆகாது தம்பி. ஆனா கை பழக இதைப் போல ஒண்ணு வராது" என்றார்.

ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரும்பாலான தோட்டாக்களின் அடியில், நடுவில், ஒரு குட்டிக் கிண்ணி பதித்திருக்கும். அதில் அடி விழுந்தால் மருந்து பற்றிக்கொள்ளும். பாயின்ட் 22 தோட்டாவில் அந்தக் கிண்ணி கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பை மடித்து, தீப்பற்றும் மருந்தை அந்த மடிப்புக்குள்ளேயே பரப்பிவிடுகிறார்கள். துப்பாக்கியின் குதிரை விளிம்பை எந்த இடத்தில் நசுக்கினாலும் வெடிக்கும். இதைத்தான் ரிம்ஃபயர் என்கிறார்கள். நசுங்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். கூடு மெல்லியது என்பதால் உள்ளே அதிக மருந்து போட முடியாது. ஆகவே சத்தம் குறைவு, உதைப்பு குறைவு, விலையும் குறைவு. 1845 வாக்கில் பிரான்ஸில் ஃபுளோபேர் என்பவர், வீட்டுக் கூடத்தில் சுட்டு விளையாடுவதற்காகச் செய்த தோட்டாவின் வம்சம் இது. 1857-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் செய்த முதல் ரிவால்வர் இந்த ஜாதித் தோட்டாவுக்காகத்தான். இப்போது உலகமெல்லாம் சுடுகிற நீளத் தோட்டா 1887-ல் வந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதன் இடத்தைப் பிடிக்க வேறொன்று வரவில்லை.

தோட்டா மாறவில்லை; சுடுகிற கருவிதான் மாறிவிட்டது. பந்தயத்தில் 'ஸ்டாண்டர்ட் பிஸ்டல்' என்று ஒரு பிரிவு உண்டு. 25 மீட்டரில் மொத்தம் 60 குண்டு. ஐந்து குண்டுகளை முதலில் 150 விநாடிக்குள் சுட வேண்டும். அப்புறம் 20 விநாடிக்குள். கடைசியில் 10 விநாடிக்குள். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில், விசையை அழுத்திவிட்டு மறுபடியும் குறியைப் பிடித்தால் போதும். ரிவால்வரில் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். உருளை சுழன்று 'கிளிக்' என்று நிற்க வேண்டும். பிடி கையில் சற்றே நகரும். அதைச் சரி செய்ய வேண்டும். பத்து விநாடியில் ஐந்து தடவை இதைச் செய்து பார்த்தால் தெரியும். இழுக்காமலே விசையை அழுத்தியும் சுடலாம். ஆனால் அந்த நீண்ட கனமான இழுப்பில் குறி காற்றில் ஆடும் கொடி மாதிரி ஆகிவிடும்.

எனக்கு 10 விநாடி அவசரம் எதுவும் இல்லை. அந்த 'கிளிக்'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. குதிரையை இழுத்தேன். மூச்சை உள்ளே வாங்கிப் பாதியை விட்டு நிறுத்தினேன். 25 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பத்தாம் வட்டம் 5 சென்டிமீட்டர் அகலம், ஓர் எலுமிச்சம்பழம். அதைப் பார்க்கக் கூடாது; குழலின் நுனியில் நிற்கும் முன்காட்சியைப் பார்க்க வேண்டும் என்பது பாடம். எலுமிச்சம்பழம் மங்க, காட்சி கூர்மையாக, விசையில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு நிலையில் 'டப்' என்றது. பத்து குண்டுக்கு நூற்றுக்கு 71. சுபேதார் ஐயா புருவத்தை உயர்த்தி, "பரவாயில்லையே" என்றார்.

மதிப்பெண்ணை விட வேறொரு விஷயம் முக்கியம். தொடர்கதை எழுதுகிறவன் தலைக்குள் எந்த நேரமும் பத்துப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். கதாநாயகி அழுவாள், ஆசிரியர் கேட்பார், பாங்கிக் கடன் தவணை வந்து நிற்கும். அந்தப் பத்து குண்டு சுட்ட ஏழெட்டு நிமிஷமும் அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயிலில் கூட எனக்கு அப்படி ஒரு மௌனம் கிடைத்ததில்லை.

இந்த மௌனத்தை வீட்டுக்கே வாங்கி வந்துவிட்டால் என்ன?

விசாரிக்கத் தொடங்கினேன். முதலில் சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் அங்கத்தினர் குறி பழகுவதற்காகப் பாயின்ட் 22 ரைஃபிள் கேட்டால், வேறு தடை இல்லாத பட்சத்தில் அதிகாரி உரிமம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ரிவால்வருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு 'நல்ல காரணம்' இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். நீளமாக, ஒளித்து வைக்க முடியாததாக இருந்தால் சர்க்கார் நம்புகிறது. சட்டைக்குள் அடங்குவதாக இருந்தால் காரணம் கேட்கிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படித்தான் கேட்பேன்.

விண்ணப்பம், போலீஸ் விசாரணை, டாக்டர் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பழகியதற்கு ஒரு சான்று, வீட்டில் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி. தாம்பரத்துக்கு 2022 ஜனவரியிலிருந்து தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். உரிமம் கிடைத்தால் ஐந்து வருஷத்துக்கு. 2019-ல் வந்த திருத்தத்துக்கு முன்னால் அது மூன்று வருஷம். தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் ஆயுதத்தைக் கொண்டுபோய்ப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 2019, 2021, 2022, 2024 என்று தேர்தல் வந்துகொண்டே இருந்ததை எண்ணிப் பார்த்தேன். எனக்கு ரிவால்வர் இருந்திருந்தால் அது என்னை விடத் தேர்தல்களை நன்றாக அறிந்திருக்கும்.

தோட்டா வேறு இருக்கிறது. உரிமத்தில் வருஷத்துக்கு இத்தனை என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒன்று கூட வாங்க முடியாது. அங்கீகாரம் பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு ஆயிரக்கணக்கில் அனுமதி உண்டு. என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை வீரனுக்கு இல்லை. ஒரு பந்தயத்துக்கே 60 குண்டு என்றால், எனக்குக் கிடைக்கிற பங்கு பொங்கலுக்கு வாங்கித் தீபாவளி வரைக்கும் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டிய பலகாரம் மாதிரிதான்.

இதையெல்லாம் தாண்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரிவால்வரை வாங்குவது? வெளிநாட்டுச் சரக்கைத் தனி மனிதர் இறக்குமதி செய்யும் வழி பல பத்தாண்டுகளுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. பேர்பெற்ற குறிகாரர்களுக்குத்தான் விலக்கு. அதனால், முன்பே உள்ளே வந்துவிட்ட கிழ ரிவால்வர்கள் கை மாறுகிற விலையைக் கேட்டால் தாம்பரத்தில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். புதியது வேண்டுமானால் நம் சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கு. 2014-ல் கான்பூரில் பெண்களுக்காகச் செய்தார்களே 'நிர்பீக்', அதன் எடை 500 கிராம், அப்போதைய விலை 1,22,360 ரூபாய். ஆனால் அது பாயின்ட் 32. எனக்கு வேண்டிய பாயின்ட் 22-ல் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்று ஒன்று செய்தது. அதன் எடை வெறும் 250 கிராம். கைப்பையில் போட்டுக்கொள்வதற்கென்று செய்தது, குழல் கட்டையானது.

கட்டைக் குழலில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். முன்காட்சிக்கும் பின்காட்சிக்கும் இடையே 18 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 25 மீட்டரில் குண்டு சுமார் 14 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 7 சென்டிமீட்டர்தான் என்றால் அதே பிசகுக்கு 35 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். எலுமிச்சம்பழம் பிழைத்துவிடும்; அதற்கு அடுத்த காகிதத்துக்குத்தான் ஆபத்து. கனமும் அப்படித்தான். ஒரு கிலோ இரும்பு கையின் நடுக்கத்தை விழுங்கிக்கொள்ளும். கால் கிலோ அதை அப்படியே ஊருக்கு அறிவிக்கும். மேற்படி சாதனத்தைக் குறை கூறவில்லை. திருடன் மூன்று கஜத்தில் நிற்பான் என்ற கணக்கில் செய்ததை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏவுவது நம்முடைய அசட்டுத்தனம்.

ஆகக்கூடி நிலவரம் இது: குறி பழகத்தான் வேண்டும் என்றால் சட்டம் ரைஃபிள் பக்கம் கையைக் காட்டுகிறது, பந்தயம் பிஸ்டல் பக்கம் காட்டுகிறது, கடையில் கிடைக்கிற புது ரிவால்வரோ குறி பழகவே செய்ததல்ல. புத்தியுள்ளவன் இந்த இடத்தில் விஷயத்தை விட்டிருப்பான். எனக்கு ஆசை தணியவில்லை. மவுண்ட் ரோடில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரர், நீளக் குழல் வைத்த நல்ல பழைய பாயின்ட் 22 ஒன்று கைமாற வருகிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று டெலிபோனில் சொன்னார். 'புதியது' என்கிற பிடிவாதத்தை அந்த நிமிஷமே விட்டுவிட்டேன். காரணங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வர, ஆசை மட்டும் அசையாமல் நின்றால், அது நாம் சொல்லிக்கொண்ட காரணத்தினால் வந்த ஆசை அல்ல என்று அர்த்தம். எனக்கு வேண்டியிருந்தது குறியா, அல்லது அந்தப் பொருளா? இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உருளையைச் சுழற்றிப் பார்க்கவும், எண்ணெய் போட்டுத் துடைக்கவும், என்னுடையது என்று உள்ளங்கையில் கனம் உணரவுமா? பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாத பரம்பரையில் பிறந்தவனுக்கு அந்த ஆசை வரக் கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று நாலைந்து வாதங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, "விலை என்னங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த என் பெரியம்மாதான் ஆரம்பித்தாள். பெரியம்மா சிறு பெண்ணாகப் பரங்கிமலையில் இருந்தவள். "அந்தச் சனியன் எதுக்குடா? ராமாவரத்துல என்ன ஆச்சு, தெரியாதா?" என்றாள். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு ரிவால்வர் என்றால் 1967 ஜனவரி 12-ஆம் தேதிதான். ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா, எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்ட நாள். இருவரும் பிழைத்தார்கள். பழைய தோட்டாக்கள், வேகம் குறைந்திருந்தன என்று பின்னால் பேசப்பட்டது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். படம் சுவரெல்லாம் ஒட்டியிருந்ததையும், படுக்கையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்ததையும் பெரியம்மா நேற்று நடந்த மாதிரி சொல்வாள். அவருடைய குரல் அதற்கப்புறம் பழைய குரலாக இல்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், ராதாவின் ஏழு வருஷத் தண்டனை ஐந்தாகக் குறைந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்சவங்கதானே? துப்பாக்கி கிட்ட இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு வார்த்தை கத்தியிருப்பாங்க, அவ்வளவுதான்" என்றாள் பெரியம்மா.

வழக்கின் நுணுக்கங்கள் எனக்குத் தெரியும். பெரியம்மாவின் தீர்ப்பில் அவை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் வாழ்க்கையில் அது எவ்வளவோ கோபங்களில் ஒரு கோபமாகக் கழிந்திருக்கலாம்.

"நான் யார்கிட்டப் பெரியம்மா கோபப்படப் போறேன்? சுடறது காகிதத்தை" என்றேன்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு மனைவி சொன்னாள்: "எங்க வைப்பீங்க?"

"பீரோவில, லாக்கர்ல. சட்டமே அப்படித்தான் சொல்லுது. தோட்டாவை வேற இடத்தில."

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பீரோ சாவி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும்."

'அவன்' எங்கள் பெரியவன். பத்தொன்பது வயது. டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையில் இரண்டாம் தடவையும் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. அதற்காக நாங்கள் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. சொல்லாததே அவனுக்குப் பாரமாக இருக்கிறதோ என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது உண்டு. மாடி அறையில் இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். நன்றாக இருக்கிறதா என்றால் நன்றாக இருக்கிறது என்பான். அவனுடைய ஸ்நேகிதர்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக் கூப்பிடுவது குறைந்துபோய், நின்றும் போயிருந்தது.

அவள் அவ்வளவுதான் சொன்னாள். மேலே எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாடியில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் எங்கள் அறைக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் வெகு நேரம் விழித்திருந்தோம்.

இந்த விஷயத்தில் உலகத்துக்குத் தெரிந்திருப்பது கொஞ்சம் உண்டு. துப்பாக்கி உள்ள வீட்டில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் அபாயம், இல்லாத வீட்டை விட அதிகம் என்று துப்பாக்கி மலிந்த நாடுகளில் செய்த ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பக்கத்திலேயே இலங்கையைப் பாருங்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அங்கே 1995-லும் 1998-லும் தடை செய்தார்கள். அடுத்த வருஷங்களில் தற்கொலை எண்ணிக்கை வெகுவாக இறங்கிற்று. ஜனங்களுடைய துக்கம் அந்த வருஷங்களில் குறைந்துவிடவில்லை. கெட்ட நாழிகை என்பது ஒரு நாழிகைதான்; அது வரும்போது கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது கடந்துவிட்டால் பெரும்பாலோர் மறுபடியும் சோறு கேட்டு, சினிமா பார்த்து, கல்யாணம் செய்துகொண்டு, பேரன் எடுக்கிறார்கள்.

என் பிள்ளைக்கு அப்படி ஒரு நாழிகை வரும் என்று நான் சொல்லவில்லை. வரவே வராமல் இருக்கலாம். நானே வெறும் கற்பனை செய்கிற தொழிலில் இருக்கிறவன். இல்லாததைப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. ஆனால் பூட்டு என்றால் சாவி இருக்கிறது. சாவி என்றால் அது இருக்கும் இடம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் பீரோ சாவி பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருக்கிறது. இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. அதை இடம் மாற்றினால் "எதற்காக மாற்றினீர்கள்?" என்று அவன் கேட்க மாட்டான். கேட்காமல் புரிந்துகொள்வான். அதுதான் இன்னும் மோசம்.

மறுநாள் காலையில் மவுண்ட் ரோடுக்காரருக்கு டெலிபோன் செய்து வேண்டாம் என்றேன். "நல்ல சரக்கு சார், அப்புறம் வருத்தப்படுவீங்க" என்றார். வருத்தம் இருக்கத்தான் செய்தது. இன்னும் இருக்கிறது. நீளக் குழலும், நீல மெருகும், கட்டைவிரலுக்கு அடியில் அந்த 'கிளிக்'கும் என் கண்ணை விட்டுப் போய்விட்டன என்று சொன்னால் பொய்.

சுபேதார் ஐயாவிடம் சொன்னபோது அவர் ஒரு காரணமும் கேட்கவில்லை. துருப் பிடிக்காமல் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துக்கொண்டே, "சங்கத்து ரிவால்வர் இருக்கே தம்பி, அது எங்க போகப் போகுது? எனக்குக் கூட வீட்டில ஒண்ணும் கிடையாது" என்றார். பட்டாளத்தில் முப்பது வருஷம் இருந்தவர். நான் ஆச்சரியத்தோடு பார்த்ததைக் கவனித்து, "இந்தத் தோட்டாப் பெட்டியைப் படிங்க" என்றார். எவ்வளவு சின்னத் தோட்டா, வெறும் இரண்டரை கிராம் ஈயம். பெட்டியின் மேல் ஒன்றரை மைல் வரைக்கும் அபாயம் என்று அச்சடித்திருக்கிறது. தாம்பரத்தில் கிளம்பினால் சானடோரியம் ஸ்டேஷனைத் தொட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். நடுவில் எத்தனை மாடி, எத்தனை ஜன்னல்! இங்கேயானால் பின்னால் இருபதடி மண்மேடு இருக்கிறது.

வாங்க வைத்திருந்த பணத்தில் பெரும் பகுதி, நியாயமாக, பாங்கிக்குப் போயிற்று. வெறும் கையோடு இருக்க மனசு கேட்கவில்லை. சங்கத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் காதடைப்பான் பழசாகி, ஸ்பிரிங் தளர்ந்து, காதை விட்டு நழுவுகிறது. எனக்கென்று சொந்தமாக ஒன்று வாங்கினேன். பச்சை நிறம், பஞ்சு வைத்தது, தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதையும் கிண்ணம் போல் மூடும். மாட்டிக்கொண்டால் விமானமே தலைக்கு மேல் போனாலும் கொசு போகிற மாதிரிதான் இருக்கும். கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். எங்கள் வீட்டுக்கு மேலே நிஜமாகவே விமானம் போகிறபடியால் பரீட்சித்தும் பார்த்தேன்.

ஆடி மாசம் பிறந்தது. எங்கள் தெரு முனையில் அம்மன் கோயில். ஒலிபெருக்கி காலை நாலரைக்குத் தொடங்கும். இரண்டாம் நாள் அலமாரியில் காதடைப்பானைக் காணவில்லை. மாடிக்குப் போனேன். பெரியவன் அதை மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே பௌதிகப் புத்தகம் திறந்திருந்தது. படித்தானா, தூங்கினானா என்று எனக்குத் தெரியாது; நான் கதவைத் திறந்தது அவனுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் ஒரு காதைத் தூக்கி, "என்னப்பா?" என்றான்.

"ஒண்ணுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு வேணும்" என்றேன்.

"வந்து வாங்கிக்குங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மணிக்கு மாடியேறி அதை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறேன். போன வாரம் 78.